மோந்து வைத்த பூ

அந்த அக்கா யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தெரியாதா, சொல்ல வாய் வராதா என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அதற்காக எல்லோர் இஷ்டத்துக்கும் விட்டுக்கொடுத்து விடுகிறவளும் இல்லை. எந்தப் பொருளை யாரும் தொடக்கூடாது என்று நினைக்கிறாளோ, அதை அவர்கள் தொட விரும்பாதபடி பண்ணி வைத்துவிடுவாள். கேட்க வந்தவர்கள் தாங்களாகவே திரும்பிப் போவார்கள். சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

உரல் விஷயத்தில்தான் இதை நான் முதலில் கண்டுபிடித்தேன். திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் உப்பு மண்டி இருந்தது. அக்காவின் புருஷன் அங்கே எடை போடுகிறவர். மண்டியின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள், அதில்தான் குடித்தனம். அறைக்கு வெளியே அவளுடைய உரல் கிடக்கும். எங்கள் சந்தில் அரிசிக்கடை வீட்டம்மா ஒருத்தி, தன் வீட்டு உரலை விட்டுவிட்டுத் தினமும் இங்கே வந்து மிளகாய் இடிப்பாள். இடித்துவிட்டுக் கழுவாமல் போவாள். அக்கா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு காலையில் அந்தம்மா முறத்தோடு வந்து நின்றபோது அக்கா சிரித்த முகமாக, "வாங்கம்மா, ஒரலு சும்மாதான் கீது. இப்பத்தான் கருவாடு இடிச்சேன், கழுவத்தான் நேரமில்ல" என்றாள். அந்தம்மா வீட்டில் மீன் வாடையே ஆகாது. முறத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். உரல் சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. கருவாட்டு வாடைகூட இல்லை.

கயிற்றுக் கட்டில் கதையும் இதே மாதிரிதான். மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன் ஒருவன், மத்தியான வேளையில் அக்காவின் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்துவிடுவான். குறட்டை விட்டுக்கொண்டு மாலை வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். எழுந்திரு என்று அவள் சொல்லவில்லை. தினமும் அவன் வருகிற நேரம் பார்த்துக் கட்டிலில் வெந்நீரை ஊற்றி வைத்தாள். கேட்டால் மூட்டைப்பூச்சி என்பாள். அவனும் பாவம், "ஐயோ, எம்மாம் பூச்சி கடிச்சிதோ ஒனக்கு" என்று அவளுக்காக இரக்கப்பட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

என்னையும் அவள் அப்படித்தான் சமாளித்தாள் என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் கடை. சாமான் வாங்க அரக்கோணம் போவார். அவர் திரும்புகிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ரயில் நின்றுபோயிருக்குமோ, ஏறும்போது வழுக்கியிருக்குமோ, யாரோ அடித்துப் போட்டிருப்பார்களோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். புத்தகம் கித்தகம் பார்த்து மனசைத் திருப்பிக்கொள்ளவும் தெரியாது. நேரே அக்காவிடம் ஓடுவேன். "ரயிலு வந்துடுச்சாக்கா? சத்தம் கேட்டியாக்கா?" என்று நச்சரிப்பேன். போடி வேலையைப் பார் என்று அவள் சொன்னதில்லை. ஒரு கூடைப் புளியை முன்னால் தள்ளி, "கொட்டை எடுத்துக் குடு" என்பாள். எடுத்துக்கொண்டே இருப்பேன். புளி தீருகிறபோது அவர் வந்துவிட்டிருப்பார்.

அவள் பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு, அதில் ஒரு சின்ன ஊர். படகில்தான் போகவேண்டும் என்பாள். மலையும் பாறையும் பார்த்து வளர்ந்த எனக்கு அது மனசில் பிடிபடவே இல்லை. நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊரில் ராத்திரி எப்படிக் கண்ணை மூடுவது என்று கேட்டேன். "நீங்க இந்த மலைய தலைமாட்டுல வெச்சிகினு தூங்கல? அது உருண்டா இன்னா பண்ணுவீங்க?" என்றாள். அதற்கப்புறம் எனக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

மண்டிக்கு உப்பு வருவது அந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்துதான். கூட்ஸ் வண்டியில் மூட்டை மூட்டையாக வரும். சாக்குகளை உதறுவது பின்கட்டில். மழை பெய்தால் மண்டிக்குள் கசிகிற உப்புத் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். அதனால் அந்த மண் வெளுத்துப் பொரிந்துபோய்க் கிடக்கும். புல்கூட முளைக்காது. எருக்கஞ்செடி வந்தால்கூடக் கருகிவிடும்.

அங்கேதான் அந்தப் பூ வந்தது.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒருநாள், அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தரையோடு தரையாகப் படர்ந்து, விரல் மாதிரித் தடித்த இலையோடு சின்னச் சின்னச் செடிகள். இலையைக் கிள்ளி என் வாயில் வைத்தாள், உப்புக் கரித்தது. ஆனி கடைசியில் அவை பூத்தன. வெள்ளை இதழ், நடுவே ஆழ்ந்த நீலத்தில் ஒரு வட்டம். காலையில் விரிந்தால் வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். குனிந்து பார்த்தால் அதுவும் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

என்ன பூ என்று கேட்டேன். "பேரு இல்ல. எங்க ஊர்ல பூன்னுதான் சொல்லுவோம். வேற பூ கெடயாது இல்ல" என்றாள். அவர்கள் ஊரில் மணல் மேட்டின் முதுகில் ஒரு கீற்றுப்போல அது வளருமாம். அடுத்த ஊர் மணலில் தேடினாலும் இருக்காதாம். அங்கே உப்பு மூட்டையை மணலில் போட்டு ஏற்றுகிறார்கள் அல்லவா, அந்த மணல் சாக்கில் ஒட்டி, மணலோடு விதை ஒட்டி, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அவள் அந்த வெள்ளை மண்ணில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது. புருஷன் வந்து பார்த்துவிட்டு, "உன் பொறந்த ஊட்டு ஜனம் வந்துட்டாங்களா" என்று கிண்டல் செய்தார்.

அவளுக்குத் தம்பி ஒருவன் இருந்தான். உப்பு லோடு ஏற்றும் கூலி. எப்போதாவது வேகனோடு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போவான். அவனிடம் ஆசையாகப் பூவைக் காட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான், ஊரில் இப்போது இது இல்லை என்று. மணல் மேடு முழுக்கச் சவுக்கு நட்டுவிட்டார்கள். பட்டணத்துக்கு விறகு வேண்டும். மேட்டைச் சமனாக்கி, குழி வெட்டி, வரிசை வரிசையாகக் கன்று. சவுக்கு வளர்ந்து நிழல் விழுந்து, அதன் சருகு மெத்தை மாதிரி மூடிவிட்டால் கீழே ஒன்றும் முளைக்காது. "இத்தப் பாத்து நாலு வருசமாச்சிக்கா" என்றான்.

அவன் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னாள். "முகத்துவாரத்தாண்ட கொஞ்சம் மணலு உட்டு வெச்சிகீறாங்களாம், அங்க சவுக்கு வராதாம். இது காயி உட்டு, காயி காயட்டும். வெதய எடுத்துகினு போயி ஒரு தபா அங்க தூவிட்டு வந்துடறேன்." அது வருஷா வருஷம் பட்டுப்போகும் செடி. பூ உதிர்ந்த இடத்தில் காய் விட்டு, காய் வெடித்து விதை விழுந்தால்தான் அடுத்த வருஷம் உண்டு. அதாவது பூவை யாரும் பறிக்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் எங்கள் ஊரில், ஆடி மாதத்தில், பூவைப் பறிக்காதே என்று யாரிடம் சொல்வது?

ஆடிக்கிருத்திகை என்றால் திருத்தணி பூவாகத்தான் இருக்கும். வருகிற ஜனம் பாதிக்குப் பாதி தோளில் புஷ்பக் காவடி. அரளி, சாமந்தி, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாக வந்தாலும் போதாது. அப்போது எங்கள் ஊர் ஆந்திராவோடு இருந்தது. ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆண்கள் டீக்கடையில் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கிருத்திகை அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. இரண்டு பாஷைக்காரர்களும் ஒரே படியில் ஏறுவார்கள்.

காவடிக்குப் பூ அலங்காரம் பண்ணித் தருகிறவர் ஒருவர் எங்கள் சந்தில் இருந்தார். தெலுங்குக்காரர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பாவாதான், அதாவது மச்சான். வருஷம் முழுக்கச் சும்மா இருப்பார், அந்த ஒரு மாதத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். வாய்க்கு வாய் கேலி. என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பார்த்து, "இதுக்கு ஒரு காவடி எடுத்தாத்தான் ஓடும்" என்பார். நல்ல மனுஷன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பாவா முதல் வருஷம் உப்பு வாங்க வந்தவர், பின்கட்டில் பூவைப் பார்த்துவிட்டார். காவடியின் வளைவில் மயில் தோகை மாதிரி பூ வைக்கவேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. இலையை வைத்துத் தோகை பண்ணிவிடலாம், தோகையில் இருக்கிற கண்ணுக்கு ஏற்ற பூ கிடைக்காமல் இருந்தது.

"யக்கா, இன்னா பூ இது? மயிலுக் கண்ணாட்டமே கீதே. எடுத்துக்கட்டா?"

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். "எடுத்துக்க பாவா" என்றாள்.

அவர் ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு போனார். கிருத்திகை அன்று அந்தக் காவடியைப் பார்க்கக் கூட்டம் நின்றது. நிஜமாகவே தோகை விரித்த மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கா பார்க்க வரவில்லை. அதற்கப்புறம் செடியில் பிந்திப் பூத்தது கொஞ்சம் காய்த்தது, அதிலும் பாதி மழையில் அழுகிவிட்டது. மிஞ்சிய விதை அங்கேயே உதிர்ந்தது. ஊருக்கு எடுத்துப் போக ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் பூக்கிற காலம் வந்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. செடியும் குறைவாகத்தான் முளைத்திருந்தது. பாவாவிடம் நானே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றும் சொல்லாமல் சரி என்றும் சொல்லாமல் புளிக்கூடையைத் தள்ளினாள்.

ஒரு காலையில் நான் உப்பு வாங்கப் போனேன். அக்கா பின்கட்டில் மண்டிபோட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்தாள், மறுபடி முகத்தைத் தாழ்த்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது. காக்கா வலிப்பு என்று நினைத்துக் கையில் கொடுக்க இரும்பு தேடினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கு நுனி முழுக்க வெள்ளையாக உப்பு.

"மோந்து வெச்சிட்டேன்டி" என்றாள். "மோந்தது சாமிக்கு ஆவாது இல்ல?"

ஒரு பூவை முகர்ந்துவிட்டால் அது எச்சில் மாதிரி. பூஜைக்கு உதவாது. சின்னப் பிள்ளைக்குக்கூட எங்கள் ஊரில் இது தெரியும், பூக்கூடைக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்தாலே முதுகில் அடி விழும். அதைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள். விடிந்ததும், பூ விரிகிற நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக முகர்ந்து வைத்தாள். பாவா வந்து கேட்டபோது, "தாராளமா எடுத்துக்க பாவா. எனக்குத்தான் பாழாப்போன பழக்கம், எல்லாத்தையும் மோந்து பாத்துட்டேன்" என்றாள். பாவா செடியைப் பார்த்தார், அவள் மூக்கைப் பார்த்தார். "மூக்காலயே முள்ளுவேலி போட்டுட்டியேக்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பூவைத் தொடவில்லை. அலங்காரத்தில் ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். முருகனுக்கு மோந்த பூ வைக்க அவர் கை வராது.

பூவில் வாசனை உண்டா என்று அப்போதுதான் கேட்டேன். "ஒண்ணும் இல்ல, உப்புத்தான்" என்றாள்.

அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்தது. மிளகு மாதிரிக் காய்ந்ததும் பாதியை அங்கேயே மண்ணில் உதிர்த்துவிட்டு, பாதியை ஒரு சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, பட்டணம் போய், பொன்னேரி போய், படகு ஏறி, முகத்துவாரத்து மணலில் தூவிவிட்டு வந்தாள். திரும்பி வந்த அன்றைக்கு அவள் பேசின பேச்சு! காற்று எப்படி அடித்தது, மணல் காலை எப்படிச் சுட்டது, நண்டு எப்படி ஓடியது என்று ஒரே கதை. அவ்வளவு வார்த்தை அவளுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் புளி இல்லாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம் பின்கட்டு முழுக்கச் செடி. முதல் பூ விரிந்த வாரத்தில் ஒரு பெரியவர் வந்தார். பட்டணத்தில் ஏதோ காலேஜில் செடிகொடிகளைப் பற்றிச் சொல்லித் தருகிறவராம். சாமி கும்பிட வந்த இடத்தில் யாரோ சொல்லிக் கேட்டுத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பூவைப் பார்த்ததும் வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் கீழே உட்கார்ந்துவிட்டார். கடற்கரை நெடுக இதைத் தேடி அலைந்ததாகவும் எங்கும் இல்லை என்றும் சொன்னார். இனி எங்கே இருக்குமோ தெரியாது, பத்திரமாகப் பார்த்துக்கொள் அம்மா என்று அக்காவிடம் இரண்டு தரம் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு செடி வேண்டும், வேரோடு, என்றார். அக்காவே தோண்டிக் கொடுத்தாள், இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து. மண்ணோடு பதமாக நீட்டினாள். அவர் மண்ணை உதறிவிட்டு, பழைய பேப்பருக்கு நடுவே செடியை வைத்து, மேலே கனமான புத்தகத்தை வைத்து அமுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

"நட்டு வெச்சிக்கத்தான கேட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. தோண்டின குழியை மண் தள்ளி மூடிக்கொண்டே, "அமுக்கிட்டாரே" என்றாள்.

அதே சமயம் தம்பியும் வேகனோடு வந்தான். முகத்துவாரத்தில் முளைத்ததா என்று அவள் ஆவலாகக் கேட்க, முளைத்தது என்றான். முளைத்ததைக் கண்ணால் பார்த்தானாம், விரல் மாதிரி இலை, அதேதான். அதற்குள் அந்த மணலிலும் சவுக்குக்குக் குழி வெட்டிவிட்டார்கள். வெட்டிப் போட்ட மண் மேலே விழுந்து எல்லாம் மூடிப்போனது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நான்தான் அவனைக் கேட்டேன். "ஆருகிட்ட சொல்றது? கூலிக்குக் குழி வெட்டினதுல நானும் ஒருத்தன்" என்றான். அக்கா அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஆக, மண்டிப் பின்கட்டில் இருந்ததுதான் மிச்சம். அதுதான் கடைசி என்பது எங்கள் ஊரில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் நம்பினாள்.

ஊர் வேறுவிதமாகக் கணக்குப் போட்டுவிட்டது. ஒரு பொம்பளை தினமும் விடிகாலையில் மண்டிபோட்டுப் பூவை மோந்து வைக்கிறாள் என்றால், அந்தப் பூவில் ஏதோ இருக்கிறது. சாமிக்குப் போகாமல் எதற்குத் தடுக்கவேண்டும்? கண் மாதிரி இருக்கிறதே, கண் வேண்டுதலுக்கு விசேஷமாக இருக்கும். மொட்டை அடிக்கிற இடத்தில் ஒருவர் சொல்ல, படிக்கட்டுக் கடையில் இன்னொருவர் சொல்ல, கிருத்திகை நெருங்கும்போது கண்ணுப்பூ கண்ணுப்பூ என்று பேர் வைத்துவிட்டார்கள். பாவாவிடம் வந்து அதுதான் வேண்டும் என்று கேட்டார்கள். மோந்ததாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

நான் பொறுக்காமல் பாவாவிடம் போய் விஷயத்தை உடைத்தேன். இது போனால் இந்த ஜாதிப் பூவே கிடையாது என்றேன். அவர் நார் கிழித்துக்கொண்டே கேட்டார். கேலி பண்ணவில்லை. "பூ அத்துப்போவுமாம்மா? மழ பெஞ்சா வேற எங்கனா மொளைக்கும். ஜனம் வாசல்ல வந்து நிக்குது, நான் இன்னா சொல்றது" என்றார். அவர் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஈரத்துணியும் கூடையுமாக வந்தார். கூடவே நாலைந்து பேர். மறுநாள் காலையில் விரியவேண்டிய மொட்டுகள் செடி கொள்ளாமல் நின்றன. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் விடியும்போது காவடியிலேயே விரிந்துவிடும்.

"மொட்டுக்குள்ள மூக்க உட முடியாது இல்லக்கா?" என்று சிரித்தார்.

அக்காவுக்கு அது தோன்றவே இல்லை. அவள் முகத்தில் அதைப் பார்த்தேன். விரிந்தால்தானே பூ, பூவை முகர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். இப்போது கருவாடும் இல்லை, வெந்நீரும் இல்லை. வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "மெதுவா இழு பாவா, வேரு வந்துடும்" என்றாள்.

வேர் வரத்தான் செய்தது. பொரிந்த மண் அது, பிடிப்பு கிடையாது. மொட்டைக் கிள்ளும் அவசரத்தில், முற்றாத காயோடு செடி செடியாகக் கையோடு வந்தது. கூட வந்தவர்கள் மிதித்ததில் மிச்சம் போயிற்று. அவர்கள் போனபிறகு நானும் அவளும் உட்கார்ந்து, சாய்ந்த செடிகளை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றும் நிற்கவில்லை. சாக்குக் குவியலுக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், ஒரே ஒரு செடி யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தது. அதில் ஒரு மொட்டு. அக்கா ஒரு சட்டியைக் கவிழ்த்து அதை மூடினாள்.

கிருத்திகை அன்று காலையில் சட்டியை எடுத்தாள். விரிந்திருந்தது. குனிந்து அதை முகர்ந்து வைத்தாள். வெளியே மேளமும் அரோகராவுமாகக் காது அடைத்தது. அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

சின்ன வயசு. மஞ்சள் துணி, ஈரத் தலை, கையில் சாமிக்குச் செலுத்த ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர். இடுப்பில் ஒரு பையன், மூன்று நாலு வயசு இருக்கும். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அம்மை இறங்கும்போது கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அவன் தலை மேளச் சத்தம் வரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் காவடியோடு வாசலில் நிற்கிறார்கள் என்றும், பாவாவிடம் தீர்ந்துவிட்டது என்றும், ஒரு பூ, ஒரே ஒரு பூ இருந்தால் போதும் என்றும் சொன்னாள். சொல்லும்போதே சுவர் ஓரத்தில் அவள் கண் பட்டுவிட்டது.

"அது மோந்துட்டேன்மா" என்றாள் அக்கா.

"பரவால்லம்மா. மோந்த பூவாச்சே, ஆவாதுதான். நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன். வேற கெடைக்கலன்னு சொல்லிக்கிறேன்."

அக்கா சட்டியைக் கையில் எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். எனக்கு அவள் தவிப்பைப் பார்க்க முடியவில்லை. அவள் சொல்லாததை நான் சொன்னேன். "குடுக்க முடியாதும்மா. அது வெதைக்கு வெச்சிருக்கறது. நீ போம்மா" என்றேன். என் குரல் எனக்கே கடூரமாகக் கேட்டது.

அந்தப் பெண் பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள். அக்கா என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"நீ சும்மா இரு" என்றாள். "அது புள்ளைக்குக் கேக்குது."

போய்ப் பூவைக் காம்போடு கிள்ளி எடுத்து வந்தாள். கொடுப்பதற்கு முன்னால் பையன் கையை எடுத்து, அவன் விரலால் இதழைத் தொடவைத்தாள். அவன் அதை மூக்குக்குக் கொண்டுபோனான், அவன் அம்மா பதறிக் கையைப் பிடித்தாள். பிறகு அவளே விட்டுவிட்டாள். கூட்டத்தில் கலந்து போய்விட்டார்கள்.

அன்று மாலை பாவா ஒரு தட்டில் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். நான் செடி போனதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊருன்னு கேக்காம உட்டுட்டேனே" என்றாள். "அதுக்குக் கண்ணு தெரிஞ்சா ஆர்னா வந்து சொல்லுவாங்களா?"

சுவர் ஓரத்துச் செடி மறுபடி பூக்காமலே பட்டுப்போனது. அடுத்த கோடை மழைக்குப் பின்கட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. அந்த ஆடியில் அவள் மண்டி வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற காவடிக் கூட்டத்தில் எல்லாம் கேட்டாள். அம்மை போட்ட பையன், கண் தெரியாதவன், எந்த ஊர்க்காரனோ, உங்கள் பக்கமா என்று. ஆர்.கே.பேட்டைக்காரர்களைக் கேட்டாள், மணவூர்க்காரர்களைக் கேட்டாள், தெலுங்குக்காரர்களைக் கை ஜாடையில் கேட்டாள். எல்லா ஊரிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். அப்புறம் மண்டி கைமாறி, அவள் புருஷனுக்கு வேலை போய், அவர்கள் எங்கோ போய்விட்டார்கள். பின்கட்டுக்குப் புது முதலாளி சிமெண்டு போட்டார்.

எனக்கு இப்போது வயசாகிவிட்டது, படி ஏற முடியாது. கிருத்திகைக்கு மட்டும் அடிவாரத்தில் போய் நிற்பேன். அந்தப் பையன் இருந்தால் இன்றைக்கு இவ்வளவு பெரியவனாக இருப்பான் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்து, அந்த வயசில் காவடியோடு வருகிறவர்களின் கண்ணைத் தேடுவேன். தழும்பு முகங்கள் நிறைய வருகின்றன. சிலபேர் தடுமாறி வருகிறார்கள், அவர்களைப் பார்த்தால் ஐயோ, இவனாக இருக்குமோ என்று அடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் நேராகப் பார்த்து நடந்து போகிறார்கள். அவர்களில் ஒருவன்தான் அவன் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்வை உள்ள கண் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எது எப்போதும் இருந்த பார்வை, எது வந்த பார்வை என்று எப்படிச் சொல்வது?